வலி மிகும் இடமும் வலி மிகா இடமும்

தமிழிலக்கணம் பயிலும் மாணாக்கர்க்கு ‘வலி மிகும் இடம்’, ‘வலி மிகா இடம்’ என்னுந் தொடர்கள் புதியன அல்ல. இரு சொற்கள் புணருங்கால் வல்லெழுத்து எங்கே மிகும், எங்கே மிகாது என்று நெட்டுருப் பண்ணித் தேர்வுக்குச் செல்பவர் நாம். ஆயினும், சென்ற ஆண்டு எனது தாடையினின்றும் ஒரு பல் பிரிந்தபோது, புணர்ச்சியில் மட்டுமன்றிப் பிரிவிலும் வலி மிகும் இடமும் மிகா இடமும் உள என்பதையும், அவ்விரண்டையும் பகுத்தறியாதவன் படும் பாட்டையும் யான் நேரிற் கற்றேன். அப்பாடத்தை உடன்பயிலும் நண்பர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம். யான் வைத்தியம் பயில்பவன் அல்லன். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினன். ஆகவே பல் வைத்தியரிடம் கேட்டறிந்தனவும், பின்னர் நூல்களிற் படித்துத் தெளிந்தனவும், யான் பட்டறிந்தனவுமே ஈண்டு எழுதப்படுகின்றன.

ஞானப்பல்லாவது யாது?

மனிதர்க்கு நிலைப்பற்கள் 32. அவற்றுள் இறுதியில் முளைக்கும் கடைவாய்ப் பற்கள் நான்கினையே ஞானப்பல் என்பர். 17 வயதிற்கும் 25 வயதிற்கும் இடைப்பட்ட பருவத்தில், அஃதாவது பிள்ளைமை நீங்கி அறிவு முதிருங் காலத்தில், இவை தோன்றுதலின் இப்பெயர் பெற்றன. இலத்தீன் மொழியினரும் இதனை அறிவின் பல் என்றே வழங்கினர். கல்லூரியிற் பயிலும் பருவமும் இதுவே ஆகலின், இப்பல்லின் வருகைக்கும் நமது வருகைப் பதிவேட்டிற்கும் நெருங்கிய தொடர்புண்டு!

தாடையில் இடம் போதாதவழி, இப்பல் முழுதும் வெளிவராது எலும்பினுள்ளே சாய்ந்தும் படுத்தும் கிடக்கும். பாதி மூடிய ஈற்றின் அடியில் உணவுத் துகள் தங்கி அடிக்கடி வீங்கும்; அடுத்த பல்லும் சொத்தையாகும். இத்தகைய துன்பம் விளையும்போதே அதனை எடுத்துவிடுகின்றனர். துன்பஞ் செய்யாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்னும் ஒரே காரணம் பற்றி எடுத்தல் வேண்டா என இங்கிலாந்தின் ‘நைஸ்’ என்னும் மருத்துவ நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியுள்ளது. எனவே எல்லார்க்கும் இச்சிகிச்சை வேண்டுவதன்று.

எனது இடப்பக்கக் கீழ்த்தாடைப் பல்லோ முன்னிருந்த பல்லின்மேற் சாய்ந்து, ஒரே ஆண்டில் இருமுறை வீங்கித் தேர்வுகளைக் கெடுத்தது. வைத்தியர் ஈற்றைக் கீறி, சிறிது எலும்பை நீக்கி, பல்லை இரு துண்டாக்கி எடுத்து, இரண்டு தையல் இட்டு அனுப்பினார்.

புண் ஆறும் முறை

பல் நீங்கிய குழியிற் குருதி நிறைந்து, சிறிது நேரத்தில் உறைகின்றது. இவ்வுறைவே இயற்கை தானே இட்ட மருந்துக்கட்டு. இதன் கீழ் எலும்பும் நரம்பு நுனிகளும் மறைந்து காவல் பெறுகின்றன. சில நாட்களில் உறைவினூடே புதிய தசை வளரத் தொடங்குகின்றது. சில வாரங்களில் ஈறு மேலே மூடிக்கொள்ளுகின்றது. குழியில் எலும்பு நிரம்புதற்கு மாதங்கள் பல செல்லும்.

இவ்வேலை ஓசையின்றி நிகழ்வதில்லை. சிவத்தல், வீங்கல், சூடேறல், நோதல் என்னும் நான்கும் அழற்சியின் அடையாளங்கள் என்று முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமையறிஞர் செல்சஸ் வகுத்துரைத்தார். கெடுதி நேர்ந்தாலன்றி இவை தோன்றா என்று எண்ணுதல் பிழை. வெட்டுண்ட இடத்தைச் செப்பனிட உடல் அனுப்பும் குருதியும் நீரும் வேதிப்பொருள்களுமே இந்நான்கையும் விளைவிக்கின்றன. வீடு பழுது பார்க்கும்போது புழுதி பறத்தல் போல்வது இது.

இயல்பான வலி

இனி, கெடுதியில்லா வலியின் இயல்பைக் கூறுவேம். மரத்துப்போகச் செய்த ஊசியின் ஆற்றல் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் நீங்கும். அது நீங்கியபின் அன்று மாலையும் இரவும் வலி உச்சத்தை அடையும். முதல் நாள் முழுதும் எச்சிலிற் செந்நிறம் கலந்து வரும். சிறிதளவு குருதி எச்சிலொடு கலந்து மிகுதியாய்த் தோன்றுமேயன்றி, உண்மையில் அது குருதிப்பெருக்கு அன்று.

வீக்கமோ வலியின் வழிச் செல்வதில்லை. அது மெல்லத் தொடங்கி, இரண்டாம் நாளிலும் மூன்றாம் நாளிலும் மிகுந்து, அதன்பின் குறையும். இதனை அறியாதவர், “நேற்றைவிட இன்று முகம் பெருத்துவிட்டதே!” என்று அஞ்சுவர். வாயை அகலத் திறக்க இயலாமையும் இந்நாட்களிலேயே மிகும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் படிப்படியாய் நீங்கும். கன்னத்தில் நீலமும் பின்னர் மஞ்சளுமாய்க் கன்றிய நிறம் தோன்றலாம். விழுங்கும்போது தொண்டை நோகலாம். முதல் நாளில் உடல் சற்றே வெதுவெதுக்கவும் கூடும். குழியின்மேற் படரும் வெண்மையான படலத்தைச் சீழென்று மயங்குவாரும் உளர். அது பெரும்பாலும் ஆறும் புண்ணின் போர்வையேயாம். அதனைச் சுரண்டுதல் பெருந்தவறு.

இவ்வலியின் ஏற்றமும் இறக்கமும் எத்துணை ஒழுங்காய் நிகழ்கின்றன என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். புதிய வலி நீக்கும் மருந்துகளின் ஆற்றலைச் சோதிக்க விரும்பும் ஆராய்ச்சியாளர், உலகெங்கும் பல்லாண்டுகளாக ஞானப்பல் எடுத்துக்கொண்ட இளைஞரையே பெரிதும் தேர்ந்துகொள்ளுகின்றனர். நல்ல உடல்நலம் வாய்ந்தவரிடம், இன்ன நேரத்தில் எழும் என்று முன்னரே அறியக்கூடிய வலி இது ஒன்றாதலின் என்க. பாராசிட்டமால், இப்யூபுரோபன் என்னும் இரண்டில் ஒன்றைத் தனித்து உட்கொள்வதினும் இரண்டையும் சேர்த்து உட்கொள்வது மிகுந்த பயன் தரும் என்பதும் இவ்வாறு கண்ட உண்மையே. ஆயினும் வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் குறை உடையார் வைத்தியரைக் கேளாது இப்யூபுரோபன் உட்கொள்ளலாகாது. பாராசிட்டமாலும் ஒரு நாளில் 4 கிராமைக் கடத்தல் கூடாது.

முதற் பிழை

நிற்க. இவற்றுள் ஒன்றையும் யான் அப்போது அறிந்திலேன். பல் எடுத்த இரண்டாம் நாள் இரவு, கண்ணாடியில் என் முகத்தைக் கண்டு நடுங்கினேன். ஒரு பக்கக் கன்னம் கொழுக்கட்டையை அடக்கியது போல் இருந்தது. வாயினுள் இரண்டு விரல் நுழையவில்லை. அறைத் தோழர் இருவரை எழுப்பி, விடுதிக் காப்பாளரிடம் இசைவு பெற்று, நள்ளிரவில் ஆட்டோவில் மருத்துவமனைக்கு விரைந்தேன். ஆங்கிருந்த இளம் வைத்தியர் பொறுமையாய் நோக்கி, “சுரம் இல்லை, சீழ் இல்லை, இரண்டாம் நாள் வீக்கம் இப்படித்தான் இருக்கும். போய்த் தூங்குங்கள்” என்றார். மறுநாட் காலை உணவுக்கூடத்தில் எனது வீரம் பேசப்பட்டது. ‘பல் போனதற்குப் பல்லக்கில் போனவன்’ என்று நண்பர் நகைத்தனர். யானும் உடன் நகைத்தேன். ஆனால் அந்நகைப்பு என் உள்ளத்தில் தங்கிவிட்டது.

மூன்றாம் நாள் வலி தணிந்தது. வகுப்புக்கும் சென்றேன்.

உலர்குழி

நான்காம் நாள் மாலை, வேறொரு வலி எழுந்தது. முன்னையது தாடையில் நின்ற வலி. இதுவோ காதினுள்ளும் நெற்றிப்பொட்டிலும் பாய்ந்து துடித்தது. வாயில் ஒரு கெட்ட சுவையும் நாற்றமும் தோன்றின. மாத்திரை உட்கொண்டும் பயனில்லை. எனினும், மறுமுறையும் நகைப்புக்கு இடமாவதோ என்று நாணி வாளாவிருந்தேன். “பல் எடுத்தால் வலிக்கத்தானே செய்யும், ஆண்பிள்ளை பொறுத்துக்கொள்ள வேண்டாவா?” என்று என்னை யானே தேற்றிக்கொண்டேன். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டபோதும், “நன்றாயிருக்கிறேன்” என்றேன். இவ்வாறு இரண்டு இரவுகள் உறங்காது கழிந்தன. ஆறாம் நாட் காலையில், மூத்த மாணவரான அண்ணன் ஒருவர் என் முகங்கண்டு, காரணம் கேளாமலே பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்.

வைத்தியர் முதலிற் கேட்டது ஒரே வினா. “தம்பி, வலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. நேற்றைக்கு இன்று எப்படி இருக்கிறது? குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?” என்றார். இடையிற் குறைந்து மீண்டும் கூடியது என்றேன். “அப்படியானால் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது” என்றார்.

எனக்கு நேர்ந்தது ‘டிரை சாக்கெட்’ என்பதாம். அதனை நாம் உலர்குழி எனலாம். குழியிலிருந்த குருதியுறைவு காலத்திற்கு முன்னரே கரைந்தோ பெயர்ந்தோ நீங்கிவிட, காவலிழந்த எலும்பு காற்றும் எச்சிலும் பட வெறுமையாய்க் கிடத்தலே இந்நிலை. கிராபர்டு என்பார் 1896-ஆம் ஆண்டில் இதனை இப்பெயரால் எழுதினார். எல்லாப் பற்களையும் சேர்த்து எண்ணினால், பல் எடுத்துக்கொண்ட நூற்றுவருள் ஏறத்தாழ இருவர் முதல் ஐவர்க்கு இது நேர்கின்றது; எலும்பினுட் புதைந்த கீழ்த்தாடை ஞானப்பல்லிலோ இவ்விகிதம் பலமடங்கு உயர்கின்றது. புகைபிடிப்போர்க்கும், எடுத்தற்கு அரிதாயிருந்த பல்லை உடையவர்க்கும், வாய்த்தூய்மை பேணாதவர்க்கும், சிலவகை ஹார்மோன் மாத்திரைகள் உட்கொள்ளும் பெண்டிர்க்கும் இது மிகுதியாய் வருகின்றது.

இதன் அடையாளங்களை நினைவிற் கொள்ளுக. பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வலி புதிதாய் மூளும், காதுவரை பரவும், வழக்கமான மாத்திரைக்கு அடங்காது, தீநாற்றம் இருக்கும், சுரமும் பெருவீக்கமும் பொதுவாய் இரா. இஃது உயிர்க்கு இடையூறு செய்வதன்று, கிருமிநோயும் அன்று, ஆகவே கிருமிக்கொல்லி மாத்திரை இதனைத் தீர்ப்பதில்லை. வைத்தியர் குழியை உப்பு நீராற் கழுவி, கிராம்புத் தைலத்தின் சத்தாகிய யூஜினால் தோய்ந்த மருந்தை வைத்தார். ஒரு மணி நேரத்தில் வலி அடங்கியது. பாட்டி பல்வலிக்கு வைத்த கிராம்பின் மணம் அவ்வறையில் வீசக்கண்டு வியந்தேன். ஆயினும் முழுக் கிராம்பைப் புண்ணில் நாமே திணித்தல் தகாது. அது குழியைக் கீறிப் புதுத்துன்பம் விளைக்கும்.

எழுந்து வரும்போது அவர் கூறியதை யான் மறவேன்: “தம்பி, அன்றிரவு நீ மருத்துவமனைக்குப் போனதில் தவறொன்றும் இல்லை. நேற்று வராததுதான் தவறு.”

பிற கெடுதிகள்

உலர்குழியினும் அரியனவாய், ஆனால் அதனினும் கொடியனவாய் உள்ள சிலவற்றையும் அறிதல் வேண்டும்.

முதலாவது, குருதி நில்லாமை. நனைத்த துணித்திரளைக் குழியின்மேல் வைத்து, இடையில் எடுத்துப் பாராமல், அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருந்தால் கசிவு நிற்கும். மறுமுறை அவ்வாறு செய்தும் வாய் நிறையச் செங்குருதி ஊறுமாயின் வைத்தியரை நாடுக.

இரண்டாவது, கிருமி புகுதல். மூன்றாம் நாளுக்குப்பின் குறையவேண்டிய வீக்கம் கூடுமாயினும், 100.4 பாரன்ஹீட் பாகைக்கு மேற் சுரம் நிலைக்குமாயினும், சீழ் வடியுமாயினும், திறக்கத் தொடங்கிய வாய் மீண்டும் இறுகுமாயினும் அன்றே சென்று காட்டுதல் வேண்டும். சிலர்க்கு எல்லாம் ஆறிய பின்னர், மூன்று நான்கு வாரங் கழித்தும் வீக்கம் எழுவதுண்டு. அதனையும் புறக்கணித்தல் ஆகாது.

மூன்றாவது, அக்கிருமி கழுத்திற்குப் பரவுதல். நாக்கின் அடியிலும் தாடையின் கீழும் இருபுறமும் கல்போல் வீங்கி, நாக்கு மேலெழுந்து, எச்சிலையும் விழுங்க மாட்டாது, மூச்சுத் திணறும் நிலை இது. ஜெர்மானிய வைத்தியர் லுட்விக் 1836-ஆம் ஆண்டில் இதனை விளக்கினமையின் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. கிருமிக்கொல்லி மருந்துகள் தோன்றுமுன் இந்நோய்ப்பட்டோரிற் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். விழுங்க இயலாமையோ மூச்சுத் தடையோ கண்டவிடத்து, விடியட்டும் என்று காத்திராது அக்கணமே பெரிய மருத்துவமனைக்குச் செல்க.

நான்காவது, மரத்த உணர்வு நீங்காமை. கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேரருகே, கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பும், நாக்கிற்கு உணர்வு தரும் நரம்பும் செல்கின்றன. மறுநாளும் உதடோ நாக்கோ மரத்திருப்பின் வைத்தியர்க்கு அறிவிக்க. பெரும்பாலார்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு மீளும். என்றும் நீங்காது நிற்பது நூற்றில் ஒருவர்க்கும் குறைவே. வலியில்லாமையும் ஒரு குறியே என்பதை இது காட்டும்.

ஐந்தாவது, மேல்தாடைக்குரியது. ஆங்குப் பல்லின் வேருக்கு மேலே முகவெலும்பின் காற்றறை உளது. அருந்திய நீர் மூக்கின் வழி வருமாயின் அவ்வறையில் துளை விழுந்தது என்று அறிந்து, மூக்கை வலிந்து சீந்தாமல் வைத்தியரிடம் செல்க.

காக்கும் நெறி

குருதியுறைவைக் காத்தலே நோயாளியின் தலையாய கடமை. முதல் நாளில் வாய் கொப்பளித்தலும், வேகமாய்த் துப்புதலும் வேண்டா. சில நாட்களுக்கு உறிஞ்சுகுழலால் இளநீர் பருகுதலும் வேண்டா. உறிஞ்சும் இழுப்பே உறைவைப் பெயர்க்கக் கூடும். புகையும் வெற்றிலை பாக்கும் அறவே விலக்கத்தக்கன. முதல் நாள் கன்னத்தின்மேற் பனிக்கட்டி ஒத்தடமும், பின்னர் இளஞ்சூட்டு ஒத்தடமும் இதந் தரும். ஆறிய கஞ்சி, தயிர்ச்சோறு, குழைந்த இட்டிலி முதலியன போதும். ஒரு நாள் கழிந்தபின் வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் ஏந்தி, தலையை மெல்லச் சாய்த்து, தானே வழியவிடுக. ஏனைய பற்களை வழக்கம்போல் துலக்குக.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனில், வலியின் அளவு கொண்டு கெடுதியை அறிதல் இயலாது. அதன் போக்குக் கொண்டே அறிதல் வேண்டும் என்பதாம். முதலிரவின் பெருவலி கெடுதியற்றதாகலாம். நான்காம் நாளின் புதுவலி கெடுதியுற்றதாகலாம். வலி நாடோறும் இறங்குமாயின் பொறுத்திருக்க. இறங்கிய வலி மீண்டும் ஏறுமாயின் பொறுத்தல் தகாது. சுரம், சீழ், நில்லாக் குருதி, நீங்கா மரப்பு, விழுங்கவும் மூச்சுவிடவும் இயலாமை ஆகியவை தோன்றின், வலி சிறிதாயினும் காத்திருத்தல் கூடாது. ஐயம் எழின் வைத்தியரைக் கேட்க. வீணே ஒருமுறை சென்றவர் இழப்பது ஆட்டோக் கூலியும் சிறிது நாணமுமே.

விடுதியில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. அஞ்சி ஓடிய தோழனை நாம் ஒருநாள் நகைத்தால், அவன் மறுமுறை வாய் திறவான். யான் இரண்டு இரவுகள் பட்டது வலி மட்டுமன்று. அந்நகைப்புக்கு அஞ்சிய அச்சமுமாம். ஆகவே, பல் எடுத்துக்கொண்டு அறைக்கு மீண்ட தோழனிடம், “மிகவும் வலிக்கிறதா?” என்று கேட்பதினும், “நேற்றைக்கு இன்று எப்படி?” என்று நாடோறும் கேட்போமாக.